வலிமை விடைபெறும்போது

1897-ஆம் ஆண்டு சென்னை இளைஞர்களிடம் உரையாற்றியபோது சுவாமி விவேகானந்தர் கால்பந்தாட்டத்தையும் கீதையையும் சேர்த்தே பேசினார். உடலில் உறுதி ஏறும்போதுதான் கீதையின் உபதேசம் உள்ளபடி விளங்கும் என்பது அவரது கருத்து. அன்பர்கள் பலரும் அறிந்த செய்தி இது. ஆனால் அதை ஒட்டி எழக்கூடிய மற்றொரு கேள்வி அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை. தசைகளின் உறுதி என்றேனும் ஒரு நாள் போய்விடும். போன பிறகு, அதன்மீது எழுப்பப்பட்ட வாழ்க்கை என்ன ஆகிறது? இழந்த வலிமையைத் திரும்பப் பெறத் துடிப்பது தீரமா, மோகமா?

இந்தக் கேள்வி எல்லோரையும் ஒரு நாள் வந்தடைகிறது. பெரும்பாலோருக்கு அது மெல்ல, வீட்டின் நான்கு சுவர்களுக்குள் வருகிறது. படியேறும்போது மூச்சு வாங்குகிறது, பெயர்கள் மறந்து போகின்றன, அவ்வளவுதான். விளையாட்டு வீரனுக்கோ அது முப்பத்தைந்து வயதிற்குள், பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும் மைதானத்தின் நடுவில் வந்துவிடுகிறது. ஆகவே கேள்வியைத் தெளிவாகப் பார்க்க வீரனின் வாழ்க்கை உதவும். அமெரிக்க பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் வாழ்க்கை அத்தகையது.

பேஸ்பால் நம் நாட்டில் அதிகம் ஆடப்படுவதில்லை. பந்தெறிபவருக்கும் மட்டையாளருக்கும் இடையே அறுபதரை அடி தூரம். அதாவது பதினெட்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மணிக்குத் தொண்ணூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் பந்து அரை வினாடிக்கும் குறைவான நேரத்தில் வந்து சேர்கிறது. அதற்குள் பந்தைக் கண்டு, அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்து, மட்டையைச் சுழற்றியாக வேண்டும். பத்து முறை முயன்று மூன்று முறை வெற்றி காண்பவர் மிகச் சிறந்த ஆட்டக்காரராக மதிக்கப்படுகிறார். அவர் ஏழு முறை தோற்கிறார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போல எல்லைக்கு அப்பால் பறக்கும் அடிக்கு ஹோம் ரன் என்று பெயர். கண்ணும் கையும் இணைவதில் மிகச் சிறிய தாமதம் நேர்ந்தாலும் ஹோம் ரன் ஆக வேண்டிய பந்து பிடிபட்டுப் போகும். மூப்பு அந்தச் சிறிய தாமதமாகத்தான் முதலில் உள்ளே நுழைகிறது.

கிரிஃபி 1969-இல் பிறந்தவர். அவரது தந்தையும் புகழ்பெற்ற வீரர். சின்சினாட்டி அணிக்காக ஆடியவர். 1989-இல் சியாட்டில் அணியில் சேர்ந்தபோது மகனுக்கு வயது பத்தொன்பது. மறு ஆண்டு தந்தையும் அதே அணிக்கு வந்து சேர, இருவரும் ஒன்றாக ஆடினர். ஒரு நாள் அடுத்தடுத்து ஹோம் ரன்னும் அடித்தனர். 1997-இல் ஐம்பத்தாறு, 1998-இல் மீண்டும் ஐம்பத்தாறு ஹோம் ரன்கள். மைய வெளிக்களத்தில் ஓடிப் பிடிப்பதிலும் அவருக்கு நிகரானவர் அரிது. தொடர்ந்து பத்து ஆண்டுகள் தற்காப்பு ஆட்டத்திற்கான தங்கக் கையுறை விருது அவருக்கே கிடைத்தது. 1999-இல், முப்பது வயது நிறைவதற்கு முன்பே, ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நூற்றாண்டின் சிறந்த அணியில் இடம் பெற்றார். அப்போது அவர் கணக்கில் 398 ஹோம் ரன்கள். ஹாங்க் ஆரனின் 755 என்ற சாதனையை இவர்தான் கடப்பார் என்று பலர் உறுதியாக நம்பினர்.

2000-இல் அவர் தாம் வளர்ந்த ஊரான சின்சினாட்டிக்குத் திரும்பினார். முதல் ஆண்டு நன்றாகவே கழிந்தது. பிறகு தொடையின் பின்தசையில் காயம். அடுத்த ஆண்டு முழங்காலில். 2003-இல் தோள் மூட்டு நழுவியது. அதே ஆண்டு கணுக்காலில் தசைநாண் அறுந்தது. 2004-இல் மீண்டும் தொடைத்தசை கிழிந்தது. ஓர் ஆண்டில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். 2002 முதல் 2004 வரை மூன்று ஆண்டுகளில் அவர் ஆடியவை எழுபது, ஐம்பத்து மூன்று, எண்பத்து மூன்று. பாதிக்கும் குறைவு. பெரும் ஊதியம் வாங்கிக்கொண்டு ஓய்வில் இருக்கிறார் என்று சொந்த ஊர் ரசிகர்களே குறை கூறினர். உடற்பயிற்சியில் போதிய அக்கறை காட்டவில்லை என்ற பேச்சும் எழுந்தது. அது எவ்வளவு நியாயமோ, அந்தக் காயங்களில் சில முழு வேகத்தில் ஓடியதால் நேர்ந்தவை என்பதும் அவ்வளவு உண்மை.

கிழிந்த தசையை எலும்போடு இணைத்துப் பொருத்தும் அறுவை சிகிச்சை 2004-இல் நடந்தது. மறு ஆண்டு, முப்பத்தைந்து வயதில், அவர் 128 ஆட்டங்களில் முப்பத்தைந்து ஹோம் ரன்கள் அடித்தார். அவரது அடி விகிதம் 0.301. மீண்டெழுந்த வீரருக்கான விருது அவருக்கு வழங்கப்பட்டது. நம்பிக்கை வென்றது என்று கதையை இங்கேயே முடித்துவிடலாம். பல பத்திரிகைகள் அவ்வாறுதான் எழுதின. ஆனால் 2005-இன் கிரிஃபி 1997-இன் கிரிஃபி அல்லர். அந்தப் பழைய வேகம் திரும்பவே இல்லை.

இங்கே வேதாந்தம் என்ன சொல்கிறது? கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான், இதே உடலில் ஆன்மாவுக்குக் குழந்தைப் பருவமும் இளமையும் முதுமையும் வருவதைச் சுட்டிக்காட்டி, தீரன் அதனால் மயங்குவதில்லை என்கிறார். இதைத் தவறாகப் பொருள் கொள்பவர்கள் உண்டு. நான் உடல் அல்லவே, முழங்கால் எப்படிப் போனால் என்ன என்று அவர்கள் பேசுகிறார்கள். அது சோம்பலுக்கு இட்டுக்கொள்ளும் காவி. தீரனுக்கு வலி தெரியாது என்றோ, அவன் மருந்து உண்ண மாட்டான் என்றோ கீதை எங்கும் கூறவில்லை. உடல் ஒரு கருவி. கருவியைப் பழுது பார்ப்பது அதைக் கொண்டு வேலை செய்பவனின் கடமை. வலிமையைப் போதித்த விவேகானந்தரே தம் கடைசி ஆண்டுகளில் நீரிழிவாலும் ஆஸ்துமாவாலும் வருந்தினார். மருத்துவர் சொன்ன கடுமையான பத்தியத்தையும் ஏற்றுக்கொண்டார். முப்பத்தொன்பது வயதில் உடலை விட்ட நாள் வரை வேலையை நிறுத்தவும் இல்லை.

ஆகவே மீண்டெழும் ஆசையில் இரண்டு வகை இருப்பதைப் பிரித்தறிய வேண்டும். இன்று எஞ்சியிருக்கும் திறனைச் சீர்செய்து, அதைக் கொண்டு செய்யக்கூடிய வேலையைச் செய்ய விழைவது ஒன்று. நேற்று இருந்தது என் சொத்து, அதை எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று காலத்தோடு வழக்காடுவது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு பேருமே அதிகாலையில் எழுந்து பயிற்சி செய்வார்கள். இரண்டு பேருமே வலியைப் பொறுத்துக்கொள்வார்கள். வேறுபாடு எங்கே தெரியும் என்றால், ஆசை நிறைவேறாதபோது தெரியும். அதற்காக எதை விலையாகக் கொடுக்கத் துணிகிறார்கள் என்பதில் தெரியும்.

எதை விலையாகக் கொடுப்பது என்ற கேள்வி அந்த ஆண்டுகளில் பேஸ்பாலையே உலுக்கியது. கிரிஃபி ஐம்பத்தாறு ஹோம் ரன்கள் அடித்த அதே 1998-இல் மார்க் மெக்வயர் எழுபது அடித்து நாட்டையே வியக்க வைத்தார். 2010 ஜனவரியில் அவர், அந்த ஆண்டு உட்படப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு மருந்துகளைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டார். காயங்களிலிருந்து மீளவே அவற்றை எடுத்துக்கொண்டேன், பந்தை அடிக்கும் திறமை எனக்கு இறைவன் தந்தது என்பது அவர் கூறிய விளக்கம். பலர் அதை ஒரு சாக்கு என்று ஒதுக்கினர். அப்படி ஒதுக்கத் தேவையில்லை. அவர் உள்ளபடியே அவ்வாறு நம்பியிருக்கலாம். பெருந்தவறுகள் பேராசையின் வாயில் வழியாக மட்டுமே வருவதில்லை. மீண்டும் எழுந்து நிற்க வேண்டும் என்ற எளிய, இரக்கத்திற்குரிய விருப்பத்தின் வழியாகவும் வருகின்றன. அதுதான் இதில் அஞ்சத்தக்கது.

மகாபாரதம் கூறும் யயாதியின் கதையை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. சுக்கிராச்சாரியாரின் சாபத்தால் காலத்திற்கு முன்பே முதுமை அடைந்த அந்த மன்னன் தன் புதல்வர்களிடம் இளமையை யாசித்தான். நால்வர் மறுத்தனர், கடைசி மகன் பூரு தந்தான். ஆயிரம் ஆண்டுகள் போகங்களை அனுபவித்த பிறகு, அனுபவிப்பதால் ஆசை தணிவதில்லை என்று உணர்ந்து யயாதி இளமையைத் திருப்பிக் கொடுத்தான். யயாதியின் ஞானோதயத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அந்த ஆயிரம் ஆண்டுகளும் தந்தையின் மூப்பைச் சுமந்த பூருவைப் பற்றிப் பேசுபவர் குறைவு. காலம் எடுத்துக்கொண்டதை முறைகேடாக மீட்கும்போது அதன் விலையை வேறு யாரோ ஒருவர் கொடுக்கிறார். மருந்து தொடாமல் ஆடி, அணியில் இடம் கிடைக்காமல் வீடு திரும்பிய பெயர் தெரியாத இளைஞர்கள் அந்நாட்களில் இருந்திருப்பார்கள். அவர்களே அந்தப் பூருக்கள்.

பேஸ்பாலில் ஊக்க மருந்துப் பயன்பாடு பற்றி 2007 டிசம்பரில் வெளியான மிட்செல் அறிக்கையில் கிரிஃபியின் பெயர் இல்லை. அவர் காயப்பட்டார், ஆறினார், மீண்டும் காயப்பட்டார். 755-ஐ நெருங்கவில்லை; 630-இல் நின்றார்.

மாசற்ற முறையில் மூப்பை எதிர்கொள்பவர்களையும் பற்று விட்டுவிடுவதில்லை. மிக்கி மேன்டில் என்ற வீரர் முழங்கால்கள் ஓய்ந்த நிலையிலும் 1968-ஆம் ஆண்டு முழுவதும் ஆடினார். அந்த ஆண்டின் சரிவால் அவரது வாழ்நாள் அடி விகிதம் 0.300-க்குக் கீழே இறங்கி 0.298-இல் நின்றுவிட்டது. பிற்காலத்தில் அவர் அதை எண்ணி எண்ணி வருந்தியதுண்டு. ஆயிரத்தில் இரண்டு! ஜோ டிமாஜியோ இதற்கு மாறானவர். முப்பத்தேழு வயதில், 1951-இன் இறுதியில், அடுத்த ஆண்டுக்கு அணி தர முன்வந்த ஒரு லட்சம் டாலரை மறுத்து விலகினார். தம் தரத்திற்கு ஆட முடியாதபோது ஆடக் கூடாது என்பது அவர் எண்ணம். உலகம் அதை வைராக்கியம் என்று போற்றுகிறது. இருக்கலாம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன் பழைய உருவத்தைப் பிறர் மனத்தில் கறைபடாமல் காத்துக்கொள்வதற்காக விலகுவதும் ஒரு பற்றே. தளர்ந்த உடலோடு களத்தில் நின்று, தோல்வியை எல்லோர் முன்னும் ஏற்றுக்கொள்வதற்குச் சில வேளைகளில் அதைவிடக் கூடுதலான பணிவு தேவைப்படும்.

கிரிஃபி இறங்கிய விதம் படிப்படியானது. 2007-இல் தமது இருப்பிடமாகிவிட்ட மைய வெளிக்களத்தை விட்டு, ஓட்டம் குறைவாகத் தேவைப்படும் வலது வெளிக்களத்திற்குச் சென்றார். 2008-இன் நடுவில் சிகாகோ அணிக்கு மாற்றப்பட்டார். 2009-இல் சியாட்டிலுக்குத் திரும்பியபோது பெரும்பாலும் களத்தில் ஓடாமல் மட்டை பிடிக்க மட்டுமே வரும் ஆட்டக்காரராக இருந்தார். அந்த ஆண்டின் அடி விகிதம் 0.214 மட்டுமே. பத்தொன்பது ஹோம் ரன்கள். எனினும் அணியில் சிரிப்பும் நட்பும் பெருகியதற்கு அவரே காரணம் என்று உடன் ஆடியவர்கள் கூறினர். ஆண்டின் கடைசி ஆட்டம் முடிந்ததும் அவரைத் தோளில் சுமந்து மைதானத்தைச் சுற்றி வந்தனர். நம் முன்னோர் வாழ்க்கையை நான்கு ஆசிரமங்களாக வகுத்ததும் இதற்காகத்தானே. இல்லறத்தானை ஒரே நாளில் துறவியாகச் சொல்லவில்லை. நடுவில் வனப்பிரஸ்தம் என்று ஒரு படியை வைத்தார்கள். அதிகாரத்தை விட்டவன் ஆலோசனை சொல்லிக்கொண்டு சிறிது காலம் இருக்கலாம்.

ஆனால் அந்தப் படியிலும் நிரந்தரமாக நிற்க முடியாது. நம் இதிகாசத்தின் மாபெரும் வில்லாளிக்கும் அந்த நாள் வந்தது. கிருஷ்ணர் மறைந்த பின் துவாரகையின் பெண்களை அழைத்துச் சென்ற அர்ஜுனனைக் கள்வர்கள் வழிமறித்தனர். காண்டீபத்தில் நாணேற்றவே அவன் சிரமப்பட்டான். திவ்ய அஸ்திரங்களை நினைத்தான். அவை நினைவுக்கு வரவில்லை. குறையாத அம்பறாத்தூணி காலியானது. வில்லின் முனையாலேயே அடித்துப் போரிட்டும் காக்க முடியாதவர்களாய்ப் பலர் கவர்ந்து செல்லப்பட்டனர். குருக்ஷேத்திரத்தை வென்றவன் வழிப்பறிக் கூட்டத்திடம் தோற்றான். கண்ணீரோடு வந்தவனிடம் வியாசர், எல்லாம் காலத்தால் வருகின்றன, காலத்தாலேயே போகின்றன, வந்த காரியம் முடிந்ததும் அஸ்திரங்கள் வந்த இடத்திற்கே திரும்பிவிட்டன என்று எடுத்துரைத்தார். இன்னும் பயிற்சி செய் என்று சொல்லவில்லை.

அதன் பிறகும் அர்ஜுனன் காண்டீபத்தை விடவில்லை என்பதை மகாபாரதம் மறைக்காமல் சொல்கிறது. அரசைத் துறந்து, மரவுரி தரித்து, கடைசிப் பயணம் புறப்பட்டவன் தோளில் அந்த வில் இருந்தது. அரிய பொருளின் மீதுள்ள ஆசையால் வைத்திருந்தான் என்கிறார் வியாசர். கீதையை நேரில் கேட்டவனுக்கே இந்த நிலை. கடற்கரையில் அக்கினிதேவன் எதிரே வந்து, இது வருணனிடமிருந்து உனக்காக நான் வாங்கித் தந்தது, அவனிடமே திருப்பிக் கொடு என்று கேட்டான். அப்போதுதான் அர்ஜுனன் அதை நீரில் இட்டான்.

2010-இல் கிரிஃபி முப்பத்து மூன்று ஆட்டங்களில் ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. விகிதம் 0.184. ஜூன் 2-ஆம் நாள் அவர் விலகும் செய்தியை அணி அறிவித்தது. அணிக்கு இடையூறாக இருக்க விரும்பவில்லை என்பது அவர் விடுத்த சிறு அறிக்கையின் சாரம். விடைபெறும் விழா இல்லை. பத்திரிகையாளர் சந்திப்பும் இல்லை. அறிவிப்பு வந்தபோது அவர் மைதானத்தில் இல்லை. காரை ஓட்டிக்கொண்டு நாட்டின் மறுகோடியில் உள்ள வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

2016-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்திற்கான தேர்தலில் 440 வாக்குகளில் 437 அவருக்குக் கிடைத்தன. அதே தேர்தலில் மெக்வயர் கடைசி வாய்ப்பையும் இழந்தார். தர்மம் வென்றது என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. ஆனால் வாக்குகளும் ஒரு பலன்தான், வராமலும் போயிருக்கலாம். ஜூலையில் நடந்த விழாவில் தாய் தந்தையரைப் பற்றிப் பேசும்போது அவர் கண்ணீர் விட்டார். உரை முடிவில் தொப்பியை எடுத்து, இளமை முதல் தமக்கு அடையாளமாகிவிட்ட முறையில், முன்பக்கம் பின்னால் இருக்குமாறு அணிந்துகொண்டார். அந்தப் பழக்கத்தின் காரணத்தை அவரே கூறியிருக்கிறார். சிறுவனாக இருந்தபோது தந்தையின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வார். அது பெரியதாக இருந்ததால் கண்ணை மறைத்தது.