மதுவும் மயக்கும் வினையும்



எண்வினைகளுள் வலிமை மிக்கது மோகனீயம். நம் ஆன்றோர் ஒவ்வொரு வினைக்கும் ஓர் உவமை கூறினர். உயிரைத் தன்னிலை மறக்கச் செய்யும் மோகனீயத்திற்கு அவர்கள் தேர்ந்த உவமை மது. மதுவை நீக்குதல் இல்லறத்தாரின் மூலகுணங்களுள் வைக்கப்பட்டிருப்பதும் நாம் அறிந்ததே.

இவ்வுவமையின் பொருத்தத்தை மருத்துவமும் மெய்ப்பிக்கிறது. நெடுநாள் குடிப்போரின் கல்லீரலில் முதலில் கொழுப்புப் படியும். பின்னர் அழற்சி தோன்றும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தழும்பேறி இறுகும். இவை பெரும்பாலும் வலியின்றியே நிகழ்வன. வினை கட்டும்போது தெரியாது. உதயத்தில்தான் தெரியும் அன்றோ? அதுபோலவே கண் மஞ்சளாகும்; வயிற்றில் நீர் கோக்கும்; உணவுக்குழலில் நாளங்கள் புடைத்து வெடித்து இரத்த வாந்தி உண்டாகும்; மலம் தார்போல் கறுக்கும்.

மற்றொன்று மிகவும் கருதத்தக்கது. ஈரல் நீக்கவேண்டிய அம்மோனியா முதலிய நச்சுகள் மூளையைத் தாக்கும். பகலில் உறக்கம், இரவில் விழிப்பு, கைகளில் உதறல், சொற்குழறல், ஆள் தெரியாத குழப்பம் ஆகியன தோன்றும். அன்று ஒரு துளியும் அருந்தாதவர்க்கும் இம்மயக்கம் வரும். வீட்டார் இதனைப் போதை என எண்ணி, தூங்கி எழுந்தால் தெளியும் என்று விட்டுவிடுதல் உயிருக்கே இடராகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

இராசபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்த காலத்து, ஆலையிலும் தறியிலும் உழைக்கும் குடும்பங்கள் பலவற்றை நாம் அறிந்தோம். தலைவனின் குடியை மறைப்பதே குடும்ப மானம் என அங்குள்ள பெண்மக்கள் கருதினர். அவ்விராசபாளையத்தில் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோது, 1948இல் மாகாணம் முழுதும் பரவிய மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. 1971இல் அது தளர்த்தப்பட்டது. சட்டம் வரும், போகும். விரதமே உடன் நிற்கும்.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் பிறர் குற்றத்தைத் தூற்றாது மறைத்தல் ஒன்று. அதனை அடுத்தே வழுவியோரை அறத்தில் நிலைநிறுத்துதல் கூறப்படுகிறது. துறவில் மனம் தளர்ந்த நண்பரை மீண்டும் நிலைநிறுத்திய வாரிசேணரை இதற்குச் சான்றாகக் காட்டுவர். மறைத்தலோடு நின்றுவிட்டால் அறம் பாதியில் நின்றதாகும். ஊராரிடம் மறைக்கலாம், மருத்துவரிடம் மறைத்தல் ஆகாது.

பல்லாண்டு குடித்தவர் திடுமென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் நேரக்கூடும். ஆதலின் மருத்துவர் துணையோடு நிறுத்துதலே முறை. நிறுத்தினால் தொடக்கநிலைக் கொழுப்பு பெரும்பாலும் நீங்கும். தழும்பேறிய ஈரலுக்கும் வாழ்நாள் நீளும். புதுவினை வாராது தடுப்பது செறிப்பு. பழவினை கழிவது உதிர்ப்பு. செறிப்பின்றி உதிர்ப்பினால் மட்டும் பயனில்லை. குடியை விடாது மருந்து மட்டும் உண்பதும் அத்தகையதே.

குடியை வெறுப்போம், குடித்தவரை வெறாது கைகொடுப்போம். அதுவும் அகிம்சையே.

அறம் வெல்க!