துண்டு போட்ட இடம்

தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையத்திலும் மாலை ஆறு மணிக்கு நின்று பார்ப்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். நகரப் பேருந்து ஒன்று நிலையத்திற்குள் திரும்புகிறது. அது நிற்பதற்கு முன்பே கூட்டம் அதனோடு சேர்ந்து ஓடுகிறது. படிக்கட்டில் ஏற முடிந்தவர்கள் ஏறுகிறார்கள்; முடியாதவர்கள் சன்னல் வழியே தங்கள் உடைமைகளை ஏற்றுகிறார்கள். தோளில் கிடந்த துண்டு, கைக்குட்டை, மஞ்சள் பை, சாப்பாட்டுக் கூடை, மாலை நாளிதழ் என்று ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன. சில வேளைகளில் பெற்ற பிள்ளையே சன்னல் வழியாக உள்ளே போய் இருக்கையில் காவல் இருப்பதும் உண்டு. பிறகு உரியவர் நிதானமாக ஏறி வந்து, “தம்பி, துண்டு போட்டிருக்கேன், பார்க்கலையா?” என்று கேட்கிறார். அமர்ந்திருந்தவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்துவிடுகிறார்.

இந்த வழக்கத்தைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் சற்றே எண்ணிப் பார்த்தால், பல நூற்றாண்டுகளாகச் சிந்தனையாளர்கள் வாதிட்டுவந்த ஒரு கேள்வி அந்தத் துண்டின் அடியில் மடிந்து கிடப்பது புலனாகும். எல்லாருக்கும் பொதுவான ஒன்றில் ஒரு பகுதி எப்போது ‘என்னுடையது’ ஆகிறது? முந்திக்கொண்டேன் என்பதனாலேயே ஒன்று எனக்கு உரியதாகிவிடுமா? ஆகுமெனில், எனக்குப் பின்னால் வந்தவருக்கு நான் பட்டிருக்கும் கடன் யாது?

துண்டை முற்றாகக் குறைகூறுவது நியாயமாகாது. நூறு பேர் ஏறத் துடிக்கும் இடத்தில் ஏதேனும் ஓர் அடையாளம் வேண்டும். இல்லையேல் வலிமையான கையே அடையாளமாகிவிடும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத ஒரு மரபை முன்பின் அறியாத மனிதர்கள் மதித்து எழுந்துகொள்கிறார்கள் என்றால், சண்டையைத் தவிர்க்கிறது என்ற அளவில் அம்மரபு நல்லதே. ‘துண்டு போட்டு வைப்பது’ என்ற தொடர் பேருந்தைவிட்டு இறங்கி, கல்லூரி அனுமதி முதல் கட்சிப் பதவி வரை நடந்து சென்றுவிட்டது அதன் செல்வாக்குக்குச் சான்று.

ஆயினும் அம்மரபில் ஒரு பெருங்குறை உண்டு. துண்டு எறிவதற்கு நீண்ட கை வேண்டும்; வண்டியோடு ஓடுவதற்கு உறுதியான கால் வேண்டும். இருக்கை யாருக்கு மிகுதியும் தேவைப்படுகிறது? நிறைமாதக் கர்ப்பிணிக்கு, அரசு மருத்துவமனையில் நாள் முழுதும் வரிசையில் நின்று முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கித் திரும்பும் முதியவருக்கு, விடியுமுன் எழுந்து சந்தையில் கீரை விற்றுவிட்டு வெறுங்கூடையோடு வரும் அம்மாவுக்கு. இவர்களோ ஓட முடியாதவர்கள். நிற்க வல்லவர்கள் அமர்ந்துகொள்ள, அமர வேண்டியவர்கள் நிற்கும் விந்தையான முடிவையே இந்தப் பந்தயம் நாள்தோறும் தருகிறது. போட்டி ஒழுங்காக நடந்தது; ஆனால் முடிவு நீதியாக இல்லை.

இருக்கையை முன்வைத்தே உடைமையின் அறத்தை ஆராய்ந்தவர்கள் பண்டைக்காலத்திலேயே இருந்தனர். அரங்கம் அனைவருக்கும் பொதுவானதே. எனினும் அதில் ஒருவர் அமர்ந்துள்ள இடத்தை அவருடையது என்று சொல்வது தகும் என்பது ஸ்தோயிக்கர் கருத்தாகச் சிசரோவின் நூலில் காணப்படுகிறது. துண்டு போட்டவரின் கட்சி இது. 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராயிருந்த புனித பசிலியார் இதே அரங்கத்தை எடுத்துக்கொண்டு வாதத்தை மறுபக்கமாகத் திருப்பினார். முதலில் நுழைந்த ஒருவன், பின்னால் வருவோரைத் தடுத்து, பொதுவானதைத் தனக்கே உரியதென்று கொண்டால் எப்படியோ, அப்படியே செல்வர்கள் நடந்துகொள்கிறார்கள் என்று அவர் கடிந்துரைத்தார்.

இவ்விரு கருத்துகளையும் 13ஆம் நூற்றாண்டில் தராசில் இட்டு நிறுத்தவர் புனித தோமா அக்குவினார். குருமட மாணவர்கள் ‘சும்மா’ என்று சுருக்கமாக அழைக்கும் அவருடைய பெருநூல் பெயருக்குத்தான் சும்மா. அதைப் படிப்பது சும்மா நடக்கிற காரியமன்று. பசிலியாரின் உவமையை அந்நூலில் எடுத்து ஆயும் அக்குவினார் தரும் தீர்ப்பு எளிமையானது: முந்தி வந்து ஓரிடத்தைக் கொண்டது தவறாகாது, கொண்டபின் மற்றவர்களும் அதில் பயன்பெற விடாமல் அடைத்துக்கொள்வதே தவறு. முந்துவதை அவர் கண்டிக்கவில்லை. முந்தியபின் நாம் என்ன செய்கிறோம் என்றே கேட்கிறார்.

இந்தக் கேள்வியோடு நகரப் பேருந்தில் ஏறுவோம். கீழே நிற்கும்போது நம் குரல் எப்படி இருக்கிறது? “உள்ளே எவ்வளவு இடம் இருக்கு! கொஞ்சம் தள்ளிப் போனா என்னவாம்? நாங்களும் வீட்டுக்குப் போகணுமில்ல?” இரண்டே படி ஏறியபின் அதே குரல்: “கண்டக்டர், இன்னும் எங்கே ஏத்துறீங்க? மூச்சுவிட முடியலை. ரைட் கொடுங்க, போகலாம்!” இதற்கிடையே கழிந்தது அரை நிமிடம், ஏறிய உயரம் மூன்றடி இருக்கலாம். அதற்குள் ஒரு மனிதனின் சமூகக் கொள்கையே மாறிவிடுகிறது. இதைக் கண்டு நகைக்கிறோம். ஆனால் படிக்கட்டு பேருந்தில் மட்டுமா இருக்கிறது? வேலை கிடைத்தவர், வீட்டுமனை வாங்கியவர், பதவியில் அமர்ந்தவர் ஆகியோரும் ஏறிய மறுகணமே “ரைட்” கொடுக்க விரும்புவதை நாம் பார்த்ததில்லையா? அக்குவினார் தவறென்று காட்டிய இடம் இதுவே.

எனினும் பேருந்தை மனிதத் தன்னலத்தின் காட்சிக்கூடமாக மட்டும் வரைந்தால் அது பொய்யான படமாகும். பள்ளி விடும் நேரத்தில் பாருங்கள். புத்தகச் சுமையோடு நிற்கும் மாணவன், அமர்ந்திருப்பவரை நோக்கித் தன் பையை நீட்டுகிறான். அவர் யாரென்று அவனுக்குத் தெரியாது; அவனை அவருக்கும் தெரியாது. அவர் பேசாமல் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். அதன்மேல் இன்னொரு பை, அதற்குமேல் ஒரு சாப்பாட்டுப் பை. இறுதியில் அவருடைய முகமே தெரிவதில்லை. தம் நிறுத்தம் வந்தால் எழ முடியாத நிலையில் இருக்கிறார். நிற்கும் தாயின் கைக்குழந்தை அடுத்தவர் மடிக்கு மாறுவதும் நாம் அறிந்ததே. இருக்கையை விட்டுத்தர முடியாதவர் மடியை விட்டுத்தருகிறார். இடம் அவருடையதாகவே இருக்க, அதன் பயன் பலருக்கும் போய்ச் சேருகிறது. ‘சும்மா’வைத் திறந்தும் பாராத அந்த மனிதர் அதன் பொருளைச் செய்து காட்டுகிறார்.

மற்றொன்றும் கருதத்தக்கது. நெரிசலில் நடத்துநர் நம்மிடம் வர இயலாதபோது, பின்படிக்கட்டில் தொங்குபவர் ஒரு பணத்தாளை முன்னால் நிற்பவரிடம் கொடுத்து ஊர்ப்பெயரைச் சொல்கிறார். அது பத்துக் கைகள் மாறிச் செல்கிறது; சற்று நேரத்தில் பயணச்சீட்டும் சில்லறையும் அதே கைகளின் வழியே திரும்பி வருகின்றன. இடையில் ஒருவரும் எடுத்துக்கொள்வதில்லை. மீதிச் சில்லறை மட்டும், சீட்டின் பின்புறம் நடத்துநர் கிறுக்கிய ஓர் எண்ணாக நம்மிடம் வந்து, இறங்கும் அவசரத்தில் நினைவிலிருந்து மறைந்து, மறுநாள் சட்டை துவைக்கும்போது கூழாகிப் போவதுண்டு. அச்சிறு இழப்பைப் பற்றி வீடுவரை புலம்புகிறோம். பத்து அந்நியர்கள் நம் பணத்தைப் பத்திரமாகக் கடத்திவிட்டதை யாரிடமும் சொல்வதில்லை.

அப்படியானால், இடத்தை விட்டுக்கொடுப்பதே எப்போதும் அறம் என்று முடித்துவிடலாமா? இங்கேதான் நிதானம் தேவை. எழுந்து நிற்பது எல்லாச் சூழலிலும் நற்பண்பாகாது. சில வேளைகளில் எழ மறுப்பதே அறமாகும்.

நம் நாட்டில் பேருந்துகள் ஓடத் தொடங்கிய காலத்தில் அவற்றில் ஏறும் உரிமையே எல்லாருக்கும் இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களை ஏற்ற மறுத்த தனியார் பேருந்துகள் தமிழகத்தில் இருந்தன. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, வெள்ளையருக்காக எழுந்திருக்கச் சொன்னபோது எழ மறுத்துக் கைதானார். அவர் மறுத்தது உடற்களைப்பினால் அல்ல. பணிந்து பணிந்து போனதில் ஏற்பட்ட சலிப்பினால்தான் என்று பின்னாளில் அவரே எழுதினார். அவ்வூர்க் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்துகளைப் புறக்கணித்து நடந்தே சென்றனர். பேருந்துகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு 1956இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது.

ஆக, இரு வகையான எழுதல் உண்டு. ஒருவர் உயர்ந்தவர் என்பதற்காக மற்றவரை எழச் செய்வது ஒன்று. ஒருவருக்குத் தேவை மிகுதி என்பதை உணர்ந்து தானே எழுவது மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அசைவுதான். ஆனால் முன்னது அவமதிப்பு, பின்னது நீதி. தகுதியைப் பார்த்துத் தரும் இடம் மனிதரைத் தரம் பிரிக்கிறது. தேவையைப் பார்த்துத் தரும் இடம் மனிதரைச் சமமாக்குகிறது.

இந்த அளவுகோலை நம்மேலேயே வைத்துப் பார்ப்பது நல்லது. வெள்ளை அங்கியோடு ஒரு குரு ஏறினால், “சாமி, இங்கே உட்காருங்க” என்று யாரேனும் எழுவது நம் ஊர்களில் வழக்கம். அன்பினால் தரப்படும் மரியாதையை இகழக் கூடாது. ஆனால் அதே நேரத்தில் எழுபது வயது மூதாட்டி ஒருவர் கம்பியைப் பற்றிக்கொண்டு தள்ளாடி நின்றால், அந்த இடம் அங்கிக்கு உரியதா, அவருடைய முழங்காலுக்கு உரியதா? குருவின் முழங்காலும் ஐம்பதைக் கடந்ததுதான்; ஆயினும் விடை தெளிவாகவே இருக்கிறது.

கட்டணமும் இவ்வாறே ஒரு தகுதியாகிவிடக் கூடும். 2021 மே மாதத்தில், தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்ய வழி செய்யப்பட்டது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் பெண்களின் கையில் மாதந்தோறும் கொஞ்சம் பணம் மிஞ்சுவதற்கு அது உதவியது. ஆனால், “நாங்க காசு கொடுத்து நிக்கிறோம், இவங்க ஓசியில உட்கார்ந்து வர்றாங்க” என்ற முணுமுணுப்பும் உடன் எழுந்தது. நாம் கொடுக்கும் சில ரூபாய் பேருந்தின் முழுச் செலவையும் தாங்குவதில்லை. பொதுப் பணமும் சேர்ந்தே அதை ஓட்டுகிறது. அந்தப் பொதுப் பணத்தில், சோப்பு வாங்கும் அந்தப் பெண்ணின் வரியும் கலந்திருக்கிறது. அவ்வண்டியில் முற்றிலும் தம் காசிலேயே பயணம் செய்பவர் என்று எவரும் இல்லை. பிறர் தாங்காமல் எவரும் ஊர் போய்ச் சேருவதில்லை என்பதை இதைவிட எளிமையாகச் சொல்லும் பாடம் அரிது.

‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்று பேருந்துகளில் எழுதியிருப்பதை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். வெளியே நீட்டக் கூடாது. உள்ளே நீட்டுவதற்குத் தடையில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் எழுதப்பட்டுள்ள திருக்குறளை நின்றுகொண்டு வருபவர்களே மிகுதியும் படிக்கிறார்கள் என்பதும் உண்மை. அமர்ந்திருப்பவர்களுக்குச் சன்னலும் கைப்பேசியும் இருக்கின்றன. மூதாட்டி ஒருவர் ஏறும்போது சிலருக்குத் திடீரென்று உறக்கமும் வந்துவிடுகிறது. அவ்வுறக்கம் நம்மைக் கொடியவர்களாக்காது. ஆனால் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது என்பதே, செய்ய வேண்டியது எது என்று நமக்கு முன்பே தெரியும் என்பதற்கு அத்தாட்சி. தெரியாதவன் கண்ணை மூட வேண்டிய தேவை இல்லையே.

ஆகவே, பேருந்தில் இடம் பிடித்தவர் எவரும் மனம் குறுக வேண்டியதில்லை. ஓடியவர் ஓடட்டும், துண்டு போட்டவர் போடட்டும். அமர்ந்தபின் ஒருமுறை தலையை உயர்த்தி, யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும். நம்மைவிடத் தேவை மிக்கவர் நின்றால் எழுவோம். நம்மால் எழ இயலாதபோது ஒரு பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வோம். அடுத்த நிறுத்தத்தில் கையைக் காட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காக இரண்டடி உள்ளே தள்ளி நிற்போம். அவர்களும் வீட்டுக்குப் போக வேண்டியவர்களே.