விக்கிரகமும் விமரிசனமும்

தெய்வத் திருவுருவத்தைப் பார்த்து, இது நன்றாக அமைந்திருக்கிறது, இது அவ்வளவாக அமையவில்லை என்று தரம் பிரிப்பது பக்திக்கு இழுக்கா என்ற கேள்வி, நம்மவர் மனத்தில் நெடுங்காலமாக ஒரு கூச்சமாக இருந்து வருகிறதேயன்றி, வெளிப்படையான விசாரணையாக வளரவில்லை. கோயிலில் நின்றுகொண்டு, இந்த அம்மனின் தோள் சற்று விறைத்திருக்கிறது, அந்த நடராஜரின் எடுத்த பாதம் இன்னும் இலகுவாக எழுந்திருக்கலாம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், பக்கத்தில் நிற்பவர் அவருக்காகத் தாம் கன்னத்தில் போட்டுக்கொள்வார். இதற்கு நேர்மாறாக, அதே உருவம் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும்போது, அதன் முன் கைகூப்புகிறவரைக் கலை அறியாதவர் என்று எண்ணுகிற படிப்பாளிகளும் உண்டு. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் தவறாக எண்ணுவதோடு, எதிரே நிற்கும் உருவத்தையும் பாதியளவே காண்கிறார்கள் என்பது என் கருத்து.

பக்தர் கூறும் தடையை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வதே நியாயம். வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசி நட்ட கல்லும், ஆற்றங்கரையில் மணலால் பிடித்த லிங்கமும், மனைப்பலகையில் மஞ்சளால் பிடித்து வைத்த பிள்ளையாரும் வழிபாட்டுக்குப் போதுமானவையே; அவற்றின் முன் சிந்தும் கண்ணீர், சோழர் வார்ப்பின் முன் சிந்தும் கண்ணீருக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. சுக்கிரநீதியும், வழிபடுகிறவனுடைய தவத்தின் ஆற்றல் பிம்பத்திலுள்ள குறைகளைப் போக்கிவிடும் என்ற கருத்தை வெளியிடுகிறது. அவ்வாறாயின், பிரதிஷ்டை ஆன பிறகு தெய்வ சாந்நித்தியம் அழகைப் பொறுத்து ஏறுவதும் இறங்குவதும் இல்லை. ஆகவே, அழகைப் பற்றி வாதிப்பது தேவையற்ற வேலை, தேவையற்றது என்பதனாலேயே சற்றுப் பாவமும் கூட என்று அவர் முடிக்கலாம்.

இந்த வாதத்தின் முற்பகுதியை நான் அப்படியே ஏற்கிறேன். ஏற்பதனாலேயே ஒரு பெரிய வினா எழுகிறது: வழிபாட்டுக்கு அழகு தேவையில்லையெனில், அந்தச் சிற்பி ஏன் அவ்வளவு பாடுபட்டான்?

திருவெண்காட்டில் 1950-களின் தொடக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டு, இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கும் இடபவாகன மூர்த்தியை அறியாத கலை அன்பர் அரியர். முதலாம் இராஜராஜனின் ஆட்சி முதிர்ந்திருந்த 1011-ஆம் ஆண்டில் கோலக்கவன் என்பவர் இத்திருமேனியை எழுந்தருளச் செய்ததையும், அடுத்த ஆண்டில் தேவியின் உருவம் சேர்க்கப்பட்டதையும் திருவெண்காட்டுக் கல்வெட்டுக்களால் அறிகிறோம். மெழுகைப் பிடித்து உருவாக்கிய கையின் பெயர் மட்டும் நமக்கு எட்டவில்லை. ஏறக்குறைய மூன்றரை அடி உயரம். நான்கு கைகளும் மானும் மழுவும் இங்கே இல்லை. மனிதரைப் போல் இரண்டே கைகள். ஒரு காலை ஊன்றி, மற்றதை அதன் குறுக்கே இலேசாக மாற்றி வைத்து, ஒரு கையைத் தொடைமேல் படியவிட்டு, மற்றொரு கையைப் பக்கத்தில் நிற்கும் எருதின்மேல் சாய்த்தபடி இறைவன் நிற்கிறான். சடை அவிழ்ந்து பரவாமல் தலைப்பாகை கட்டினாற்போல் சுற்றியிருக்கிறது; உற்று நோக்கினால் அந்தச் சுற்றுக்களுக்கிடையே பாம்புகளும் நெளிகின்றன.

எருது என்று சொன்னேன். ஆனால் அங்கே எருது இல்லை. புதையலோடு அது கிடைக்கவில்லை. கை வெற்றிடத்தின்மேல் சாய்ந்திருக்கிறது. அந்தக் கையை நிதானமாகக் கவனிக்கும் ஒருவருக்கு, முழங்கை மடியும் கோணமும், மணிக்கட்டுத் தளர்ந்து விரல்கள் கீழ்நோக்கித் தொங்கும் சாவதானமும், அந்தச் சாய்வுக்கு ஏற்ப இடுப்பு ஒருபுறம் ஒதுங்கியிருப்பதும், ஒதுங்கிய இடுப்பின் பாரத்தை ஊன்றிய கால் ஏற்றிருப்பதும் ஒவ்வொன்றாகப் புலப்படும். இவையெல்லாம் புலப்பட்டபின், இல்லாத எருது அங்கே இருப்பதாகவே தோன்றும். பாரம் எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது என்பதைத் தன் உடம்பினாலேயே உணர்ந்த ஒரு சிற்பி, அந்த உணர்ச்சியை உலோகத்துக்கு மாற்றியதால்தான் இது சாத்தியமாயிற்று. அகில உலகத்தையும் தாங்குவதாக நாம் துதிக்கும் இறைவன் இங்கே ஒன்றைச் சார்ந்து நிற்கிறான்; அந்தச் சார்பில் பலவீனத்தின் சாயல் சிறிதும் இல்லை, உறவின் உரிமையே இருக்கிறது. இந்தத் தத்துவம் அந்த மணிக்கட்டின் தளர்ச்சியில் இருக்கிறது. மணிக்கட்டு விறைத்திருந்தால் தத்துவமும் போயிருக்கும்.

கலையை விளக்குவதாகச் சொல்லிக்கொண்டு நாம் வழக்கமாகச் செய்கிற காரியம் வேறு. நடராஜ வடிவத்தின் முன் நின்று, உடுக்கை சிருஷ்டி, அபய ஹஸ்தம் ஸ்திதி, அக்கினி சம்ஹாரம், ஊன்றிய பாதம் திரோபாவம், எடுத்த பாதம் அனுக்கிரகம் என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு, பார்த்து முடித்ததாக நகர்ந்துவிடுகிறோம். ஆனந்த குமாரசாமி 1918-இல் நியூயார்க்கில் வெளியான தம் நூலில் இப்பொருளை உலகறியச் செய்த போது, அது பெரும் சேவை. இந்தியத் தெய்வ உருவங்களை அரக்க வடிவங்கள் என்று இகழ்ந்த காலத்துக்கு அது தக்க விடை. ஆயினும், ஐந்தொழிலையும் காட்டும் அடையாளங்கள் திருவாலங்காட்டிலிருந்து சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்த நடராஜரிடம் எப்படி இருக்கின்றனவோ, அப்படியே கடைத்தெருவில் மேசை அலங்காரத்துக்கென்று விற்கும் பித்தளைப் பொம்மையிலும் ஒன்று குறையாமல் இருக்கின்றன. இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல முடியாத விளக்கம், எவ்வளவு உண்மையானாலும், எதிரே இருக்கும் அந்த ஓர் உருவத்தைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை. அது தத்துவத்தைப் பற்றிய அறிவு. சிற்பத்தைப் பற்றிய காட்சி அன்று. கோபிநாத ராவ் போன்ற பெரியோர் முயன்று தொகுத்த பிரதிமா லட்சணங்கள் பார்வைக்கு வாயிற்படி. வாயிற்படியிலேயே உட்கார்ந்துவிடுவது முறையாகாது.

மறுபுறத்தில், பிரெஞ்சுச் சிற்பி ரோடின் தமிழோ ஆகமமோ அறியாதவர்; சென்னை நடராஜர்களை நேரில் பார்த்தவருமல்லர்; கையில் கிடைத்த புகைப்படங்களைக் கொண்டே எழுதினார். அவர் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின் 1921-இல் அச்சேறிய அந்தச் சிறு கட்டுரையில், திருமேனியின் ஒவ்வோர் உறுப்பிலும் ஒளி வழிந்தோடும் விதத்தை அவர் நெஞ்சு நெகிழ்ந்து தொடர்ந்து செல்கிறார். பொருள் அறியாத குறை அவரிடம் உண்டு. எனினும், பொருள் அனைத்தும் அறிந்து உருவத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பாராத நம்மில் பலரைக் காட்டிலும் அவர் அந்த மூர்த்திக்கு அருகில் சென்றார் என்றே நான் நம்புகிறேன். அதே காலத்தில், 1910-இல், லண்டனில் ஜார்ஜ் பேர்ட்வுட் என்ற அறிஞர் ஜாவாத் தீவின் புத்தர் உருவம் ஒன்றைக் கொழுப்பிட்டு வேகவைத்த களியோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். பல்லாண்டு இந்தியாவில் வாழ்ந்து, இந்தியக் கைத்தொழில்களைப் போற்றி எழுதியவரே அவர். தம் ருசியை உரைகல்லாகக் கொண்டு, உருவம் என்ன கேட்கிறது என்று ஒரு கணமும் பொறுமையாக நில்லாததே அவர் செய்த பிழை. விமரிசனம் என்ற சொல்லுக்கு நம் பக்தர்கள் அஞ்சுவது இத்தகைய தீர்ப்புக்களைக் கண்டுதான் என்றால், அந்த அச்சம் நியாயமானதே.

எனினும், தீர்ப்பு என்பதையே நம் மரபு விலக்கியதில்லை என்பதை மறக்கலாகாது. சுவாமிமலையில் இன்றும் தொடர்ந்து நடைபெறும் மெழுகு வார்ப்பு முறையைப் பார்த்தவர்களுக்கு இது நன்கு தெரியும். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவத்தை முதலில் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துகிறார்கள். சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிய பின், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். ஆறியபின் மண் கருவை உடைத்து உருவத்தை வெளியே எடுக்கிறார்கள். கரு உடைவதால் ஒரு கருவில் ஓர் உருவமே பிறக்கும். மெழுகில் இருக்கும்போதே அளவும் பாவமும் எத்தனையோ முறை சோதிக்கப்படுகின்றன. வார்த்தபின் வெடிப்போ பொத்தலோ இருந்தால் அந்த பிம்பம் கோயிலுக்கு ஆகாது, மறுபடி உருக்கப்படும். ஸ்தபதி இறுதியில் கண் திறந்து வைக்கும் வரையில் அது கடுமையான விமரிசனத்துக்கு உட்பட்ட பொருளே. கண் திறந்து, பிரதிஷ்டையும் ஆன பிறகு, அதுகாறும் நாம் அதைப் பார்த்து வந்த நிலை மாறி, அது நம்மைப் பார்க்கும் நிலை வந்துவிடுகிறது. ஆகவே நம் முன்னோர் மதிப்பீட்டைப் பாவமென்று ஒதுக்கவில்லை. அதற்கு ஒரு காலத்தையும் ஓர் அதிகாரியையும் வகுத்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்கு நாம் நிரம்பக் கடன்பட்டிருக்கிறோம். திருவெண்காட்டு மூர்த்தி இன்று இவ்வாறு நிற்பதற்குக் காரணம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எவரோ ஒருவர் மெழுகிலிருந்த மணிக்கட்டைப் பார்த்து, இது போதாது என்று சொன்னதாகவும் இருக்கலாம்.

பிரதிஷ்டைக்குப் பின் நேர்வது இதைவிட வியப்புக்குரியது. உற்சவ மூர்த்திக்குப் பட்டும் பரிவட்டமும் சாத்தி, கழுத்து மறைய மாலைகளிட்டுக் கவசமும் அணிவித்துவிட்டால், திருமுகமும் கைகளும் தவிர மற்றவை தெரிவதில்லை. மார்பின் அகலம், இடையின் வளைவு, முதுகில் தண்டு இறங்கும் பள்ளம், முழங்காலுக்குப் பின்னுள்ள மென்மை ஆகிய எல்லாவற்றையும் அபிஷேக வேளையில் அர்ச்சகர் கைகள் அறியும். வீதியில் நிற்கும் ஆயிரவர் கண்கள் அறியா. இது சிற்பிக்குத் தெரியாததன்று. மறையப் போகிறது என்று அறிந்தே அவன் முதுகை முகத்துக்குச் சமமான கவலையோடு முடித்தான். எவர் காண்பதற்காக? பார்வையாளருக்காக என்று மட்டும் கொண்டால், அந்த உழைப்பு வீணென்றே கருத வேண்டியிருக்கும். அது நிவேதனம் என்று கொண்டாலன்றி எனக்கு விளங்கவில்லை. தேவைக்கு மேற்பட்ட அழகே இறைவனுக்குப் படைக்கத் தக்க அழகு. வழிபாட்டுக்கு அழகு தேவையில்லை என்ற பக்தரின் வாதம் இந்த இடத்தில் சிற்பியின் பெருமைக்கே சான்றாகிவிடுகிறது. படைத்ததை இன்னதென்று அறியாமல் விழுங்குவது பிரசாதத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாதென்றால், அந்த அழகைக் கூர்ந்து அறிவதும், அறிந்து இங்கே நிறைந்தது, அங்கே குறைந்தது என்று சொல்வதும் மரியாதைக் குறைவு ஆகாது.

மரத்தால் செய்த யானையை வைத்துத் திருமூலர் கூறிய உவமையை இங்கே சிலர் எனக்கு நினைவூட்டலாம். யானையென்று காணும்போது மரம் மறைகிறது. மரமென்று காணும்போது யானை மறைகிறது. ஆகையால் தெய்வமென்று காண்பவருக்குச் செம்பு தோன்றாது, செம்பென்று ஆராய்பவருக்குத் தெய்வம் தோன்றாது என்பது அவர்கள் வாதம். திருமூலர் பேசியது உலகத்தையும் பரம்பொருளையும் பற்றி. அதில் வாதிடும் தகுதி எனக்கில்லை. சிற்பத்தைப் பொறுத்தவரையில் மட்டும், தேர்ந்த கண்ணுக்கு இவ்விரண்டும் ஒரே சமயத்தில் தோன்றுகின்றன என்றும், அவ்வாறு தோன்றுவதே பேரனுபவம் என்றும் சொல்லத் துணிகிறேன். கனத்த உலோகம் என்ற உணர்வு போய்விட்டால், அந்தக் கனம் எப்படி இவ்வளவு இலேசாயிற்று என்ற வியப்பும் உடன் போய்விடும்.

அப்படிப்பட்ட கண் எவ்வாறு அமைகிறது? பத்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் காசுமீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர், ரஸானுபவத்துக்கு நேரும் விக்கினங்கள் ஏழு என்று கூறியபோது, பார்ப்பவன் தன் சொந்த சுகதுக்கங்களில் மூழ்கியிருப்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். சந்நிதியில் நின்று மகளின் கல்யாணத்துக்கும் வழக்கின் வெற்றிக்கும் மன்றாடுகிறவர் மூர்த்தியைப் பார்ப்பதில்லை. தம் புலமையை நண்பருக்குக் காட்ட வந்த கலாரசிகரும் பார்ப்பதில்லை. இருவர் கண்ணையும் மறைப்பது ஒரே திரை. வேண்டுதல் ஒழிந்த பக்தியும் அகந்தை ஒழிந்த ரசனையும் நெருங்கிய உறவினர் என்று எண்ணுகிறேன்; ஒன்றே என்று சொல்லமாட்டேன், ஏனெனில் ரசனை மாலையில் வீட்டுக்குத் திரும்பிவிடும், பக்தி திரும்புவதில்லை.

பயிற்சி எளியது, காலம் மட்டும் வேண்டும். பெயர்ப்பலகையைக் கடைசியாகப் படிக்க வேண்டும். முகத்தை விட்டுப் பாதத்திலிருந்து தொடங்கி, பாரம் எங்கே நிற்கிறது என்று முதலில் தேட வேண்டும். இடமிருந்தால் பின்புறம் சென்று பார்க்க வேண்டும். பிறகு, ஒரே மூர்த்தத்தின் இரண்டு காலத்து வடிவங்களை அடுத்தடுத்து நோக்க வேண்டும். சோழர் சிற்பி நுட்பங்களைப் பெரும்பாலும் மெழுகிலேயே முடித்துவிட்டதால் தோலின் மென்மை உலோகத்திலும் தங்கியது. விஜயநகர, நாயக்கர் காலத்து வடிவங்களில் மூக்கு கூர்மையடைந்து, நகைகள் அடர்ந்து, உளியின் வேலை மேலோங்கி, உடல் ஆபரணத்துக்குத் தாங்கியாக மாறிவருவதைக் காணலாம். இதைத் தாழ்வு என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். அந்தப் பிற்கால மூர்த்தியின் முன் விளக்கேற்றி வணங்கவும் தயங்கமாட்டேன். இவ்விரண்டுக்கும் இடையே எனக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

திருவெண்காட்டு மூர்த்திக்குப் புதிதாக ஓர் எருது வார்த்து வைக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. கோயில் வழக்கில் வாகனமோ ஆயுதமோ தொலைந்தால் வேறு செய்து சேர்ப்பது இயல்பு. வழிபாடு குறைவின்றி நடக்க வேண்டும் என்பதே அங்கே பிரதானம். என்றேனும் அந்தத் திருமேனி மீண்டும் பூஜைக்கு வருமானால் எருது அவசியம் வேண்டும், அதைத் தடுக்க எந்தக் கலாரசிகருக்கும் உரிமையில்லை. ஆனால் அதைச் செய்ய முன்வரும் ஸ்தபதி, எருதின் உயரத்தையும் அதன் முதுகு சரியும் அளவையும் சாஸ்திரத்தில் தேடுவதற்கு முன்னால், 1011 முதல் அதன்மேல் சாய்ந்திருக்கும் அந்தக் கையின் கீழ்ப்புறத்தைப் பல நாள் பார்க்க வேண்டும். அவர் வைக்கும் எருது கையை ஒரு நூலிழை மேலே தூக்கினாலும் சாய்வு பொய்யாகிவிடும். அப்போது அதை உருக்கிவிடச் சொல்லும் துணிவு அருகில் நிற்கும் பக்தருக்கும் இருக்க வேண்டும்.