மனை கொண்டானும் குடியிருந்தாரும்

பிறர் வாடகைக்குக் குடியிருக்கும் மனையை விலைகொண்டானொருவன், பொருள் கொடுத்தமை பற்றி அவரை உடனே வெளியேற்றுதல் அறமாமோ? 'அவர் உடன்பட்டது விற்றவனோடு. என்னோடன்று' எனின், அது பொருந்தாது. என்னை? இந்தியாவின் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், 109-ஆம் பிரிவில், மாறான உடன்படிக்கை இல்வழி, விற்றவனுடைய உரிமைகளை மனை கொண்டானுக்கு அளித்து, குடியிருப்பவர் விரும்பின் கடமைகளையும் அவன்மேற் சுமத்துகின்றது. ஆகவே, வாடகை வாங்குங் கையே வாக்கினைக் காக்குங் கையுமாதல் வேண்டும்.

மனை தனக்கு மெய்யாகவே வேண்டுமாயின், முறைப்படி அறிவித்தலும், வேற்றிடந் தேடத் தவணை தருதலும், முன்பணத்தைத் திருப்பியளித்தலும் அறமாம். முதியோரும் பிணியாளரும் உள்ள வீடாயின், சட்டங் குறித்த நாளோடு இரக்கம் நின்றுவிடலாகாது.

வினை முடிவில் உடம்பாகிய இல்லினின்று நாமும் எழுப்பப்படுவோம். அந்நாளிற் கருணை வேண்டுவார், இந்நாளில் அதனைப் பிறர்க்கு மறுத்தல் தகாதென்க.