வெண்ணெய் மேலே இருக்கட்டும்

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. வெளியே பனி. சுவீடன் நாட்டுப் பண்ணை வீடு ஒன்றில், அடுப்பிலிருந்து இறக்கிய பால்கஞ்சியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, நடுவே குழித்து ஒரு கட்டி வெண்ணெய் வைக்கிறார்கள். அது உருகி முடிப்பதற்குள் வீட்டில் ஒருவர் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு தொழுவத்துக்குப் போகிறார். வைக்கோல் ஓரமாக வைத்துவிட்டு வந்துவிடுகிறார். படையல் முடிந்தது. மணியில்லை, மந்திரமில்லை, பூசாரியில்லை.

அந்தக் கஞ்சி தொம்தே என்பவனுக்கு. குழந்தையின் உயரம், கிழவனின் முகம், சாம்பல் நிற உடை, தலையில் சிவப்புக் குல்லா. பண்ணையைக் காக்கும் ஆவி அவன். காட்டை வெட்டி அந்த நிலத்தை முதன்முதலில் திருத்திய குடியானவன்தான், செத்த பிறகும் விட்டுப்போக மனமில்லாமல் இப்படித் தங்கிவிட்டான் என்று பல ஊர்களில் நம்பினார்கள். இரவில் மாடு கன்றுகளைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. ஆண்டுக்கு ஒரு தடவையாவது அவனுக்கு வயிறாரப் படைப்பது வீட்டாரின் பொறுப்பு.

அந்தப் பக்கத்து நாடுகளில் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஒரு வேலைக்காரப் பெண் விளையாட்டாக வெண்ணெயைக் கிண்ணத்தின் அடியில் வைத்து, மேலே கஞ்சியை ஊற்றி மூடிவிட்டாள். தொம்தே வந்து பார்த்தான். வெண்ணெயைக் காணோம். வந்த கோபத்தில் தொழுவத்தின் நல்ல கறவைப் பசுவை அடித்துக் கொன்றுவிட்டான். கோபம் அடங்கியதும் பசி எடுத்தது. கஞ்சியைக் குடித்துக்கொண்டே போனால் அடியில் வெண்ணெய் இருக்கிறது! வெட்கிப்போனவன், ராவோடு ராவாக நடந்து, வேறொரு பண்ணையிலிருந்து அச்சு அசலாக அதே போன்ற பசுவை ஓட்டிவந்து கட்டினான்.

பசுவை நினைத்தால் மனம் கனக்கும் கதைதான். ஆனாலும் படையல் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதை அபூர்வம். அந்தக் கிண்ணத்தில் எந்தப் பொருளும் குறையவில்லை. குறைந்தது மரியாதை. ஆண்டு முழுக்க உழைத்தவனுக்கு வைக்கும் விருந்து அவன் கண்ணில் படும்படி இருக்க வேண்டாமா? கொடுத்ததை மறைத்துக் கொடுத்தால் அது கொடுத்ததாகாது.

இந்தச் சின்னக் கிண்ணம் பெரியவர்களையும் கவலைப்பட வைத்திருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவீடனின் புனித பிர்கித்தா, மனைத் தெய்வங்களுக்கு உணவும் பானமும் முதல் பங்காக எடுத்துவைக்கும் வழக்கத்தைத் தம் எழுத்தில் கண்டித்திருக்கிறார். நாடு கிறிஸ்தவமாகி நூற்றாண்டுகள் கழிந்த பிறகும் கண்டிக்க வேண்டியிருந்தது என்றால், வழக்கம் உயிரோடு இருந்தது என்றுதானே பொருள்?

அதற்கும் 300 ஆண்டுகள் முந்தைய நிகழ்ச்சி ஒன்று. நார்வே அரசர் ஓலாவின் அவைக் கவிஞர் சிக்வட், 1019ஆம் ஆண்டையொட்டிய இலையுதிர் காலத்தில் அரச காரியமாகச் சுவீடனுக்குப் பயணம் போனார். பொழுது சாய்ந்து ஒரு பண்ணையின் கதவைத் தட்டினால், உள்ளே விடமாட்டோம் என்கிறார்கள். இன்னொரு வீட்டு வாசலில் ஒரு பெண்மணி நின்று, உள்ளே ஆல்வர்களுக்குப் படையல் நடக்கிறது, நீ வந்தால் ஓடின் தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவோம் என்று சொல்லி விரட்டிவிட்டார். ஆல்வர் என்பவை மண்ணோடும் மேடுகளோடும் முன்னோரோடும் சேர்த்து நினைக்கப்பட்ட ஆவிகள். அடுத்தடுத்து மூன்று வீடுகளிலும் இடமில்லை. கவிஞர் அந்த ஆற்றாமையைப் பாட்டாகப் பாடி வைத்தார். வீட்டுப் படையல் அந்நியர் கண்படாமல் நடக்க வேண்டியது என்பதற்கு அந்த மூடிய கதவுகளே இன்று சாட்சி.

ஐஸ்லாந்தில் இந்தக் கதவை ஒரு சட்டமே சாத்தி வைத்தது. 1000ஆம் ஆண்டளவில் நாட்டுச் சபை பழைய சமயத்தார், கிறிஸ்தவர் என இரண்டாகப் பிளந்து நின்றது. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு தோர்கெய்ர் என்பவரிடம் வந்தது. அவரே பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையைப் போர்த்திக்கொண்டு, யாரோடும் பேசாமல் படுத்துக் கிடந்தார். எழுந்து வந்து, எல்லாரும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்றார். கூடவே ஒரு விலக்கும் தந்தார்: விரும்பியவர்கள் மறைவாகப் படையல் போட்டுக்கொள்ளலாம், சாட்சிகள் பார்த்துச் சொன்னால் மட்டுமே தண்டனை. 12ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஆரி தோர்கில்ஸ்ஸன் இதை எழுதி வைத்திருக்கிறார். சில ஆண்டுகளில் அந்த விலக்கும் பறிக்கப்பட்டது.

அதே தீவில், 1972 ஏப்ரல் 20 அன்று, ஐஸ்லாந்து நாள்காட்டியில் கோடையின் முதல் நாளில், பழைய தெய்வங்களுக்காக ஒரு சங்கம் பிறந்தது. முன்னின்றவர் ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்ஸ்ஸன்: ஆடு வளர்த்த விவசாயி, பழைய யாப்பில் பாடத் தெரிந்த கவிஞர், நெஞ்சுவரை வெண்தாடி. 1973இல் அரசு அதை முறையான சமய அமைப்பாக ஏற்றது. அந்த ஆண்டே அவருடைய பண்ணையில் வெட்டவெளியில் படையல் விழா நடந்தது. இன்று அதில் 5,000 பேருக்கு மேல் உறுப்பினர்கள். மொத்த மக்கள்தொகையே 4 லட்சத்தை எட்டாத நாட்டில் இது சின்ன எண்ணிக்கை இல்லை. விலங்கு பலி கிடையாது. கொம்புக் குவளையில் தேன்மதுவோ பீரோ ஊற்றி, கை மாற்றிக் கை மாற்றி, தெய்வங்களை வாழ்த்திக் குடிக்கிறார்கள். மண்ணுக்கும் ஒரு பங்கு சிந்துகிறார்கள்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த வழியில் நடப்பவர்களில் பலருக்குச் சங்கமும் இல்லை, கூட்டமும் இல்லை. புத்தக அலமாரியின் மேல் தட்டோ சமையலறைச் சன்னலோதான் அவர்களுடைய பீடம். ரொட்டி சுட்ட அன்று முதல் துண்டு. புட்டி திறந்ததும் முதல் வாய். ஹாவமால் என்ற பழைய நோர்ஸ் பாடல் நண்பர்களுக்கிடையே பரிசு போய் வருவதைப் பற்றி நிறையப் பேசுகிறது. தெய்வங்களுக்கு அளவு மீறிப் படைப்பதை அதுவே எச்சரிக்கவும் செய்கிறது. வசதி இல்லாதவருக்கு அது பெரிய ஆறுதல்.

அளவு மட்டுமல்ல, இடமும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் வெஸ்ட் கென்னட் போன்ற பல்லாயிரம் ஆண்டுப் பழமையான கல்லறை மேடுகளில் இப்போதும் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கிறார்கள். அந்த மெழுகும் கரியும் கல்லில் படிந்தால் எளிதில் போகாது. நேர்ந்துகொண்டு மரங்களில் நாணயங்களை அடித்துச் செருகும் வழக்கமும் உண்டு. அப்படிக் காயப்பட்டுப் பட்டுப்போன மரங்களும் உண்டு. நைலான் நாடாவைக் கிளையில் இறுகக் கட்டுவதும் அப்படித்தான். அந்த இடத்தின் ஆவிக்கென்று கொண்டுபோன பொருள் அந்த இடத்தையே புண்ணாக்கினால், அதைப் படையல் என்று சொல்ல வாய் வரவில்லை. இதை உணர்ந்த பலர் இப்போது தண்ணீர், பால், தானியம், பாட்டு என்று மண் தாங்கக்கூடியதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மாடிக் குடியிருப்பில் இருப்பவருக்குத் தோட்டமும் இல்லை, தொழுவமும் இல்லை. அவர் ராத்திரி நல்ல கிண்ணமாகப் பார்த்து எடுத்து, பாலை ஊற்றிச் சன்னல் ஓரத்தில் வைக்கிறார். விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு படியிறங்கி, தெருமுனை மரத்தடியில் மெல்ல ஊற்றுகிறார். மேலே வந்து கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேலைக்குக் கிளம்புகிறார்.