கோட்டமும் குற்றமும்

ஆங்கிலத்தில் அநீதியைக் குறிக்குஞ் சொற்களுள் ‘இனிக்விட்டி’ என்பது ஒன்று. இலத்தீனிற் சமன் எனப் பொருள்படுஞ் சொல்லோடு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து பிறந்தமையின், இதன் முதற்பொருள் சமனின்மையேயாம். 1611 ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இது பாவம் என்னும் பொருளிற் பயின்று வந்துள்ளது. இன்றும் கொடிய தீவினையையே உணர்த்தும். அம்மூலத்தினின்றே தோன்றிய ‘இனெக்விட்டி’ என்பதோ பங்கீடு முதலியவற்றிலுள்ள ஏற்றத்தாழ்வைச் சுட்டுமன்றிச் செய்தவனது தீநினைவைச் சுட்டாது.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. துலாக்கோல் ஒருபாற் கோடியிருத்தல் ஏற்றத்தாழ்வு. கோடியதென்றறிந்தும் அதனால் நிறுத்து விற்றல் தீவினை. பின்னதை முன்னதன் பெயரால் வழங்கின், பொருளிழந்தவன் இருப்பான், கவர்ந்தவன் மறைவான். முன்னதைப் பின்னதன் பெயரால் வழங்கினோ, அறியாதான்மேற் பழி சுமத்தியவராவோம், அதுவும் அநீதியே.

தமிழிற் ‘கொடு’ என்பது வளைவு. கொடுங்கோல், கொடுமை என்பன அதனடியாகப் பிறந்தன. வளைவையுந் தீமையையும் நம் மொழி ஒருங்கு காட்டிற்று. ஆங்கிலம் இருசொல்லாற் பிரித்தது. ஒருங்கு காண்டல் தீமையின் இயல்பை உணர்த்தும். பிரித்துக் காண்டல் செய்தவனது பொறுப்பை அளக்கும். நீதி கூறப் புகுவார்க்கு இரண்டும் வேண்டும்.

ஆதலின், கோலைச் செம்மை செய்தல் யாவர்க்குங் கடன். கோடியதை அறிந்தும் நிறுத்தவன் யாவன் என வினவிய பின்னரே பாவம் என்னுஞ் சொல்லை எடுத்தல் அறிவுடையார்க்கு அழகாம்.