வாயில் வழங்கும் சொல்லும் வழங்கிய பெரியோரும்

ஸ்ரீ:

திருவாடிப்பூர மஹோத்ஸவத்தை ஸேவிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்துள்ள பாகவத அன்பர்களுக்கு அடியேனின் விண்ணப்பம்.

இவ்வூரைச் சார்ந்த மடவார் வளாகத்தில் வைத்தியநாத ஸ்வாமி கோயில் கொண்டிருக்கிறார். அப்பெயரில் உள்ள ‘வளாகம்’ என்னும் சொல் புறநானூற்றில் கடல் சூழ்ந்த நிலவுலகைக் குறித்து வருகிறது. இன்றோ பள்ளி வளாகம், மருத்துவமனை வளாகம் என்று சுற்றுச்சுவருக்குள் அடங்கிவிட்டது. நாள்தோறும் அச்சொல்லை வழங்குவோர் எவரும் இதனை எண்ணுவதில்லை. எண்ணாமையால் எவருக்கும் தீங்கும் இல்லை.

ஆனால், மனிதரைப் புகழவும் பழிக்கவும் அடக்கவும் நாம் எடுத்தாளும் வழக்குத் தொடர்களின் நிலை வேறு. அவற்றுட் பல இதிகாசங்களிலிருந்தும் ஆழ்வார்களின் ஸ்ரீஸூக்திகளிலிருந்தும் நம் வாய்க்கு வந்தவை. வந்த வழியை அறியாமல் அவற்றை வழங்குவது குற்றமாகுமா என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

இதற்குச் சாஸ்திரத்தில் இரு பக்கமும் உண்டு. வேதத்தை ஓதியும் அதன் பொருளை அறியாதவன் சுமை தாங்கி நிற்கும் கட்டைக்கு ஒப்பாவான் என்னும் கருத்தை யாஸ்கர் தமது நிருக்தத்தில் எடுத்துக் காட்டுகிறார். மறுபுறம், ஸ்ரீமத் பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் அஜாமிளனுடைய சரித்திரம் இருக்கிறது. மரணத் தறுவாயில் அவன் தன் மகனை அழைக்கவே ‘நாராயணா’ என்று கூவினான். அத்திருநாமம் அவனை யமதூதர் கையினின்றும் விடுவித்தது. பொருளறியாச் சொல் சுமை என்பது ஒரு பக்கம். அறியாது சொன்னாலும் பலிக்கும் என்பது மறுபக்கம். நம் வழக்குச் சொற்கள் எந்தப் பக்கத்தைச் சேரும்? மூன்றை மட்டும் எடுத்து நோக்குவோம்.

தொலைந்த சாவிக்கொத்து அகப்பட்டாலும் ‘கண்டேன் சீதையை’ என்கிறோம். இலங்கையினின்றும் மீண்ட அனுமன், காத்திருந்த வானரர்களிடம் பேசியபோது, ‘காணப்பட்டாள்’ எனப் பொருள்படும் ‘த்ருஷ்டா’ என்ற சொல்லை முதலில் வைத்ததாக வால்மீகி முனிவர் பாடியுள்ளார். கம்பநாட்டாழ்வாரும், இராமபிரானிடம் அனுமன் பேசும் இடத்தில், காணுதலைக் குறிக்கும் வினையையே முதலில் வைத்தார். பிராட்டியின் பெயரைக் கூறாது அவளது கற்பைக் கூறியே அவளைச் சுட்டினார். பெயரை முதலில் சொன்னால், அடுத்த சொல் வருமளவும் கேட்பவர் நெஞ்சு துடிக்கும். அத்துணைச் சிறு பொழுதும் பிறர் துன்புறலாகாது என்ற கருணையே அச்சொல்முறை. நற்செய்தி கொண்டு செல்வோர் இத்தொடரைச் சொல்லும்போது, அறியாமலேனும் அக்கருணையைப் பின்பற்றுகின்றனர். இச்சொல் தன் நெறியினின்றும் பிறழவில்லை.

‘இலட்சுமணன் கோடு’ என்பதன் கதை வேறு. பெண்மக்கள் வாசற்படி கடக்கும்போதெல்லாம் இதனை எடுத்துக் காட்டுவோர் உளர். வால்மீகியின் ஆரணிய காண்டத்தில் இளையபெருமாள் கோடு எதுவும் கிழிக்கவில்லை. வனதேவதைகள் பிராட்டியைக் காக்கட்டும் என்று சொல்லிச் செல்கிறார். கம்பரும் கோட்டைப் பாடவில்லை. இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் சென்றதாகப் பாடினார். துளசிதாசர் 1574இல் தொடங்கிய இராமசரிதமானஸத்தில் அக்கோடு வருகிறது. அங்கும் அதனைப் பேசுபவள் மண்டோதரி. இளையவன் இட்ட சிறு கோட்டைக் கடக்க மாட்டாத நீர் எவ்வாறு வீரம் பேசலாம் என்று அவள் தன் கணவனையே இடித்துரைக்கிறாள். ஆகவே அவள் வாயில் அக்கோடு இராவணனுக்கு இட்ட எல்லை, அவனுடைய நாணம். அதனை எடுத்துப் பெண்களுக்கு வேலியாக்கிக்கொண்டது நம் வழக்கு. தன் தந்தையாரின் மாலையைத் தானே சூடிப் பார்த்த கோதையின் ஊரில் நின்று இதனைச் சற்று எண்ண வேண்டும்.

மூன்றாவது, ‘அணிலைப் போல் என்னால் ஆனது’ என்பது. வால்மீகி முனிவர், நளன் தலைமையில் 100 யோஜனை நீளமும் 10 யோஜனை அகலமும் உடைய ஸேது 5 நாட்களில் முடிந்ததைப் பாடினார், அணிலைப் பாடவில்லை. கம்பரும் பாடவில்லை. அணிலை நமக்குத் தந்தவர் தொண்டரடிப்பொடியாழ்வார். திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துப் பெருமாளுக்குத் திருமாலை கட்டிய அந்த ஆழ்வார், 45 பாசுரங்கள் கொண்ட தமது திருமாலையில் 27ஆம் பாசுரத்தில், நீரில் நனைந்து மணலில் புரண்டு ஓடிக் கடலைத் தூர்க்க முயன்ற கபடமற்ற அணில்களை நினைக்கிறார். நினைத்து, அவற்றைப் போலவும் தாம் இல்லையே என்று இரங்குகிறார். வாழ்நாளெல்லாம் பூத்தொண்டு செய்தவர், தம்மை அணிலினும் தாழ்ந்தவராகக் கண்டார்.

நாமோ நம்மை அணிலாகவே வைத்துக்கொள்கிறோம். பெருமான் திருக்கை அதன் முதுகில் வரைந்த மூன்று கோடுகளும் அப்பாசுரத்தில் இல்லை. அவை மக்கள் வழங்கும் கதையில் உள்ளவை. ஆழ்வார் அணிலின் தொண்டை மட்டும் கண்டார். நம் கதை அதற்குப் பரிசையும் சேர்த்தது. அதனால்தான் ‘அணில் போல் ஒரு சிறு உபயம்’ என்று சொல்லி, குழல்விளக்கின்மேல் பெயரைப் பெரிதாக எழுதுவிக்கிறோம். விளக்கின் பாதி ஒளியைப் பெயர் மறைக்கிறது. உபயம் செய்வது புண்ணியமே, அதில் ஐயமில்லை. அணிலைத் துணைக்கு அழைத்துக்கொண்டு முதுகுக் கோட்டை எதிர்பார்ப்பதுதான் பொருந்தவில்லை.

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு விடை காணலாம். திருநாமம் எம்பெருமானுடையது. அதனைக் கேட்டு அருள்பவனும் அவனே. ஆதலால் சொல்பவனுடைய அறியாமை அவன் அருளைத் தடுப்பதில்லை. வழக்குச் சொல்லோ நம்மோடு வாழும் மனிதர்மேல் விழுகிறது. அங்கே அதனை ஏவும் பொறுப்பு நம்முடையது. ‘பெரியோர் சொன்னது’ என்று அவர்மேல் ஏற்றித் தப்ப இயலாது. இவ்விடத்தில் யாஸ்கர் காட்டிய எச்சரிக்கை நமக்கும் ஆகும்.

அப்படியாயின் ஏடு பயின்றவர் மட்டுமே பேசலாமோ என்று கேட்கக்கூடும். வேண்டுவதில்லை. ஒரு சொல்லை எடுக்கும்போது, இது முதலில் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று ஒரு கணம் எண்ணினால் போதும். அது தெரியாதவிடத்து, தன்னை நோக்கித் திருப்பிச் சொல்லிப் பார்க்கலாம். தனக்குப் பொறுக்குமாயின் பிறருக்கும் சொல்லலாம். எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி, தேர்வடத்தை ஒரு முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கூட்டத்தில் விலகிப் போகிறாள். ஆழ்வார் ஏங்கிய அணிலின் நிலை அவளுக்கு வாய்த்திருக்கிறது.

இத்திருநாளில் வடம் பிடிக்கும் அன்பர் அனைவருக்கும் அந்நிலையை அருளுமாறு நாச்சியாரைப் பிரார்த்திக்கிறேன்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.